சம்பளக் காசுக்கட்டில் பிழைத்தாள் தேடுவது

அச்சில் பிழை விழுந்த காசுத்தாள்தான் பிழைத்தாள்; சேகரிப்போரிடம் அதற்குப் பெறுமதி உண்டு. ஹற்றன் கடைக் கல்லாவோ தோட்டச் சம்பளமோ, எண்ணும்போதே இலக்கங்களைப் பாருங்கள். ஒரே தாளில் இரண்டு இடத்தில் அச்சான தொடர் இலக்கம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் தனியே எடுத்து வையுங்கள். ஓரம் சற்றுக் கூடக்குறைய வெட்டுப்பட்டது பிழையல்ல. பக்கத்துத் தாளின் துண்டு தெரிந்தால்தான் பெறுமதி.

அச்சாகும்போது மடிந்த தாளில் வெள்ளைக் கீற்று விழும். அதே மடிப்பில் திரும்ப மடித்தால் கோடுகள் முறியாமல் சேரவேண்டும். சேராவிட்டால் யாரோ செய்த வேலை.

இலக்கம் காணவில்லையா? டோர்ச்சைச் சரித்து அடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சுரண்டிய இடத்தில் நார் கிளம்பியிருக்கும். சவர்க்காரத்தில் வெளுத்ததென்றால் மற்ற நிறங்களும் மங்கியிருக்கும். சட்டைப்பையோடு துவைத்த தாள்தான் அதிகம் ஏமாற்றும்.

ஸ்திரி போடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். நுவரெலியா ஈரத்தில் பூஞ்சணம் சுறுக்காகப் பிடிக்கும். பிவிசி பிளாஸ்டிக் இல்லாத உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.