கடலோர ஊரில் மலிவு விலை லினக்ஸ் மடிக்கணினி: தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பதும்

தொண்டியிலிருந்து மண்டபம், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் மடிக்கணினி வாங்க நினைப்பவர் இரண்டு செலவுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்று, கடையில் கொடுக்கும் விலை. மற்றொன்று, உப்புக்காற்று பின்னர் வாங்கிக்கொள்ளும் விலை. விண்டோஸுக்கு மாற்றாக விலையின்றிக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் முதற்செலவைப் பெருமளவு குறைக்கும். இரண்டாவதை அது தொடுவதே இல்லை. ஆகவே மென்பொருளில் மிஞ்சும் பணத்தை, எளிதாகத் திறந்து பாகங்களை மாற்றக்கூடிய கணினி ஒன்றை வாங்குவதற்குச் செலவிடுவதே இப்பகுதிக்குப் பொருத்தமான வழி என்பது என் கருத்து. இவ்வழிகாட்டி முழுவதும் அந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவைப்படுவதால், ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளைக் கொண்ட நல்ல அலுவலகக் கணினிகள் பலவும் அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை ஆகிவிட்டன. நிறுவனங்கள் கழித்துவிடும் இத்தகைய கணினிகள் பழைய கணினி விற்கும் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. லினக்ஸைப் பொறுத்தவரை இவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. லினக்ஸின் ஒரு வகையான, 2024-இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 22, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறும்; அதற்கு 4 ஜிபி நினைவகமே போதுமென்று அதன் உருவாக்குநர்கள் பரிந்துரைக்கிறார்கள். எனினும் இன்றைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து வேலை செய்பவர் 8 ஜிபிக்குக் குறையாமல் வாங்குவது நல்லது.

இதே பணத்துக்குப் புதிய மடிக்கணினியும் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் அந்த விலையில் வரும் புதியவற்றில் பெரும்பாலும் வேகம் குறைந்த செயலியும், பலகையோடு பற்றவைத்த 4 ஜிபி நினைவகமும், அவ்வாறே பற்றவைத்த 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகமும் இருக்கும். அவற்றில் ஒன்று கெட்டாலும் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைக் கணினிகள் அப்படியல்ல. திங்க்பேட் டி470, டி480 ஆகியவற்றில் பின்புற பேட்டரியைத் திருப்புளி இல்லாமலே கழற்றலாம். விசைப்பலகை, விசிறி, எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டு, நினைவகம் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். பளபளப்பைப் பார்த்துப் புதியதை வாங்கியவர் இரண்டு மழைக்காலம் கழிந்தபின் அதே பணத்தை மீண்டும் செலவழிக்க நேரும். தேய்ந்த மூலைகளோடு வந்த பழைய கணினியில் விசைப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

பழைய கணினி வாங்க இராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ செல்பவர், லினக்ஸ் மின்ட் எழுதப்பட்ட பென்டிரைவ் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மின்ட் தளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைத் தரவிறக்கி, எட்சர் அல்லது ரூஃபஸ் மென்பொருளின் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம். கடையில் கணினியை இயக்கியவுடன் லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வட்டில் எதையும் அழிக்காமலே லினக்ஸ் இயங்கும். கணினியின் குணம் முழுவதையும் அங்கேயே சோதித்துவிடலாம் என்பதால், இந்த ஒரு வசதிக்காகவே லினக்ஸைப் பாராட்டத் தோன்றும். கடைக்காரர் தயங்கினால் வேறு கடைக்குப் போவதே மேல்.

சோதிக்க வேண்டியவற்றில் முதன்மையானது வைஃபை. இன்டெல் நிறுவனத்தின் வைஃபை அட்டைகள் பெரும்பாலும் தாமாகவே வேலை செய்யும். பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்கு, அவற்றை இயங்க வைக்கும் தனி இயக்கி (டிரைவர்) மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கும். அடுத்து மூடியைச் சாத்திச் சிறிது நேரம் கழித்துத் திறந்து, கணினி உறக்கத்திலிருந்து ஒழுங்காக விழிக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் பலரும் பின்னர் கண்டு வருந்தும் குறை இதில்தான் வெளிப்படும். ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசைகள், எல்லா யுஎஸ்பி துளைகள் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். பின்னர் டிஸ்க்ஸ் என்ற செயலியில் வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் தகவலைத் திறந்து, கெட்ட பகுதிகள் உண்டா என்றும் எத்தனை மணி நேரம் ஓடியுள்ளது என்றும் காணலாம். பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செயலி, பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட ஆற்றலையும் இப்போது முழுமையாக நிரம்பினால் கொள்ளும் ஆற்றலையும் வாட்-மணிக் கணக்கில் காட்டும். பின்னது முன்னதில் பாதிக்கும் கீழே இருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.

பலர் மறந்துவிடும் சோதனை ஒன்று உண்டு. நிறுவனங்களிலிருந்து வந்த கணினியில், இயங்குதளத்துக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு வைத்த கடவுச்சொல் எஞ்சியிருக்கலாம். எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10 விசையால் பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து, கடவுச்சொல் கேட்காமல் மாற்றங்களைச் சேமிக்க முடிகிறதா என்று கடையிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். கேட்டால் அந்தக் கணினியை வாங்க வேண்டாம்.

நிறுவுவது எளிது. திரையில் கேட்கப்படும் கேள்விகள் சிலவே. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வைஃபை இயக்கி இல்லையென்றால் ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கைக் கைபேசியில் இயக்கினால் போதும். லினக்ஸ் அதைக் கம்பி இணையமாக ஏற்றுக்கொள்ளும், பின்னர் டிரைவர் மேனேஜர் மூலம் தேவையான இயக்கியை நிறுவலாம். கைபேசித் தரவையே நம்பியிருப்பவர்கள், தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு வாரம் ஒருமுறை தாமே புதுப்பித்துக்கொள்வது சிக்கனமானது.

முதல் சில நாட்களில் கண்ணில் படுவது இரைச்சலின்மை. உரிமம் முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கையோ, வைரஸ் தடுப்பு மென்பொருளின் நச்சரிப்போ இல்லாத திரை, விண்டோஸுக்குப் பழகியவருக்குச் சற்று வெறுமையாகவே தோன்றும். லிப்ரே ஆபிஸ், ஃபயர்பாக்ஸ், பிடிஎஃப் வாசிப்பான் ஆகியவை முன்பே நிறுவப்பட்டிருக்கும். கருவாட்டு வியாபாரக் கணக்கானாலும், மகளிர் குழுவின் கடன் பதிவேடானாலும், கல்லூரித் திட்ட அறிக்கையானாலும் இவற்றிலேயே முடிந்துவிடும். ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பையும் கடல்நிலை முன்னறிவிப்பையும் எந்த உலாவியிலும் பார்க்கலாம். படகின் ஜிபிஎஸ் கருவியில் பதிந்த இடங்களை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்தால், கியூஜிஐஎஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் வரைபடமாக விரித்துக் காணலாம்.

தமிழ்த் தட்டச்சுக்குச் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும். மென்பொருள் மேலாளரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் ஆகிய இரண்டு உள்ளீட்டு மென்பொருள்களையும் நிறுவி, உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைத் தளக்கோலங்கள் கிடைக்கும். கைபேசியில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழ் எழுதிப் பழகியவர்களுக்கு ஒலியியல் முறை எளிது. தட்டச்சு வகுப்பில் பயின்றவர்களுக்குத் தட்டச்சுப்பொறி முறை கைக்கு வரும். ஆயினும் புதிதாகக் கற்பவர் தமிழ்99-ஐயே கற்கட்டும். தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமுமாக அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்கி எளிதாகத் தட்டச்சு செய்யலாம்.

தட்டச்சைவிடப் பெரிய சிக்கல் பழைய கோப்புகளில் காத்திருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஊராட்சி அறிக்கையோ கோயில் திருவிழா அழைப்பிதழோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். லினக்ஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினால் ஆவணம் படிக்கும் நிலைக்கு வந்துவிடும். நிலையான தீர்வு வேண்டுமென்றால் எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

எதெது இயங்காது என்பதையும் வாங்கும் முன்னரே அறிந்திருப்பது நலம். டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. ஆதார் கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் கருதியே செய்யப்படுவதால், இ-சேவை மையம் நடத்த எண்ணுபவருக்கு லினக்ஸ் மட்டும் போதாது. அச்சுப்பொறிகளில் எச்பி வகைகள் பெரும்பாலும் சிக்கலின்றி வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாகக் காணப்படும் கேனன் எல்பிபி2900 காப்ட் என்ற தனி நெறிமுறையில் இயங்குவதால் அதை லினக்ஸோடு இணைப்பதற்குப் பொறுமை வேண்டும். வீட்டில் அது ஏற்கெனவே இருந்தால், பிடிஎஃப் ஆக்கிக் கைபேசி வழியாகக் கடையில் அச்சிட்டுக்கொள்வதே பல நேரங்களில் சுருக்கமான வழி.

இனி உப்பு. கடற்காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்புத்துகள் விசிறி இழுக்கும் காற்றோடு கணினிக்குள் நுழைந்து பலகையின் மீது படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு குறைந்த ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். இக்கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதால், அருகருகே உள்ள செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, இணைப்பான்கள் அரிக்கப்படுகின்றன. இந்தக் கரையில் உப்பின் வலிமைக்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 இறுதியில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வலுவூட்டலும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. எஃகுப் பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், மெல்லிய செம்புத் தடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கணினியை வைக்கும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள். கடலைப் பார்த்த சன்னலோரம் வேண்டாம். வடகடலை (பாக் விரிகுடாவை) ஒட்டிய வீடுகளில் வாடைக்காற்று வீசும் மாதங்களிலும், தென்கடலை (மன்னார் வளைகுடாவை) ஒட்டிய வீடுகளில் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களிலும் மேசையை எதிர்ச் சுவரோரம் நகர்த்திக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியிலோ ஜிப் வைத்த பையிலோ சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கணினி சூடாக இருக்கும்போது மட்டும் மூடி வைக்காதீர்கள். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே கொண்டு வந்தவுடன் இயக்கக் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மீது ஈரக்காற்று பனித்துளியாகப் படியும் என்பதால், பையிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். பயன்படுத்தாத யுஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளுக்கு ரப்பர் மூடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. தனுஷ்கோடிக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், பின்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரி இணைப்பை முதலில் நீக்கிவிட்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றி, களிம்பு தென்படும் இணைப்புகளை 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின்னரே மீண்டும் பூட்ட வேண்டும். தமக்குக் கை வராது என்று எண்ணுபவர்கள் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம்; அவர்களிடம் இந்தத் திரவம் பெரும்பாலும் இருக்கும். விசிறி முன்பைவிட உரக்கச் சுழல்கிறது என்றால் ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மின்தடை மிகுந்த மாதங்களில் மடிக்கணினியின் பேட்டரியே யுபிஎஸ் ஆகப் பயன்படும். ஆனால் எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்திருந்தால், வெப்பமும் முழு மின்னேற்றமும் சேர்ந்து அதை விரைவில் தளர்த்திவிடும். டிஎல்பி என்ற சிறு மென்பொருளை நிறுவி அதன் அமைப்புக் கோப்பில், திங்க்பேட் போன்ற கணினிகளுக்கு, மின்னேற்றம் 75 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் தொடங்கவும் 80-ஐ எட்டினால் நிற்கவும் குறிப்பிடலாம். புயல் அறிவிப்பு வந்தால் மட்டும் அந்த வரம்பை நீக்கி முழுவதுமாக நிரப்பிக்கொள்ளுங்கள். மின்ட்டில் முன்பே உள்ள டைம்ஷிஃப்ட், இயங்குதளத்தின் முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும். ஆனால் அது உங்கள் கணக்குகளையும் படங்களையும் இயல்பாகச் சேமிப்பதில்லை. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அவற்றை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த வட்டைக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் பரமக்குடியிலோ காரைக்குடியிலோ உறவினர் ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.