சேலத்திலிருந்து ஆப்பிரிக்கச் சஃபாரி: துரத்தாமல் பார்க்கும் முறை

ஆப்பிரிக்கச் சஃபாரிக்குப் பணம் கட்டுபவர்களில் பலர் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தையும் பார்த்தே தீர வேண்டும் என்ற பட்டியலோடு புறப்படுகிறார்கள். கால்நடையாகச் சென்று வேட்டையாடுவதற்கு மிகவும் ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் வகுத்த பட்டியல் அது. பார்ப்பதற்கு எது சுவையானது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கக்கூடிய சிங்கத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தேடி ஓடுபவர், முன்னால் செல்லும் வண்டியின் புழுதியைத்தான் அதிகம் காண்பார். குறைவான இடங்களில் நீண்ட நேரம் நிற்பதே நான் பரிந்துரைக்கும் முறை.

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் பயணம் போடுவது வழக்கம். ஆனால் கென்யாவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம் என்பதால், புல் உயர்ந்து விலங்குகளை மறைப்பதோடு மண் பாதைகளும் சேறாகிவிடும். அந்நாட்டின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில், வில்டபீஸ்ட் எனப்படும் மாடு போன்ற பெரிய மான்களின் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரையில்தான் கிடைக்கும் என்பதால், காலாண்டு விடுமுறை அதற்குப் பொருந்தும். கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள், மே மாதத்தில் வறட்சி தொடங்கும் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவை நாடலாம். அங்கே செப்டம்பர் வரை புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, மீதமிருக்கும் நீர்நிலைகளுக்கு விலங்குகள் தாமே வந்து சேரும்.

கென்யா சென்று திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொண்டு, அதற்கான சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இது போடப்படும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தப்பட நேரலாம். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கென்யா 2017-இலும் தான்சானியா 2019-இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டதால், தட்டுவடையையும் முறுக்கையும் கவரில் கட்டாமல் டப்பாவில் அடைத்துச் செல்வது நல்லது. ஆடையில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும். மசாய் மாரா ஏறத்தாழ ஏற்காட்டின் உயரத்திலேயே, அதாவது 1,500 மீட்டரும் அதற்கு மேலும், இருப்பதால் விடியற்காலைக்கு ஸ்வெட்டர் கட்டாயம் தேவை.

பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்குவதும் 42 மி.மீ. முகப்பு வில்லை உடையதுமாக இருந்தால் போதும். அதைவிடச் சக்தி கூடினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும். அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு அங்கே போய்த்தான் திறப்பது என்பது வீண் செலவு. சேர்வராயன் மலையில் சில காலைகளைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தப் பழகுங்கள். காப்பித் தோட்டத்து நிழலில் நிற்கும் காட்டுமாட்டைச் சாலையிலிருந்தே, போதிய தொலைவில் நின்று பார்த்தால், அவ்வளவு பெரிய உடல்கூட முழுதாகத் தெரியாமல் ஒரு காதசைவாகவோ வெள்ளைக் கணுக்காலாகவோ மட்டும் முதலில் புலப்படுவது விளங்கும். ஆப்பிரிக்கப் புதரிலும் முழு விலங்கைத் தேடாமல், செங்குத்தான மரங்களுக்கிடையே படுக்கையாக ஓடும் முதுகுக் கோட்டையும், கிளையிலிருந்து தொங்கும் வாலையும் தேட வேண்டும். வீட்டு முற்றத்தில் பூனையைக் கண்ட அணில் விடாமல் கத்துவதைக் கவனித்துப் பழகினாலும் நல்ல பயிற்சிதான்.

ஏனெனில், வேட்டையாடும் விலங்கைக் கண்டுபிடிக்க மிகச் சிறந்த வழி, அதற்கு இரையாகும் விலங்குகளைப் பார்ப்பதே. மேய்ந்துகொண்டிருந்த இம்பாலா மான்கள் அனைத்தும் தலை தூக்கி ஒரே திசையில் உறைந்து நின்றாலோ, ஒட்டகச்சிவிங்கி ஒன்று மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒரு புதரையே உற்று நோக்கினாலோ, உங்கள் பைனாகுலர் போக வேண்டிய இடம் அந்தப் புதர்தான். வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஓர் ஒலியும், கழுகுக்கு வேறொன்றும், பாம்புக்கு மற்றொன்றும் எழுப்புகின்றன. அனுபவமுள்ள ஓட்டுநர் அதைக் கேட்டதும் எஞ்சினை நிறுத்திவிடுவார். வானத்தில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கலாம்; ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் அங்கே இரை கிடக்கிறது என்று கொள்ளலாம். கறையான் புற்றின் மேல் ஏறி நிற்கும் சிவிங்கிப்புலியை (சீட்டா) கண்டால் வண்டியை நகர்த்தச் சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு என்பதால், அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ பொறுத்தால், பதுங்கி நெருங்குவதிலிருந்து பாய்ந்து ஓடுவது வரை காணும் வாய்ப்பு உண்டு. பாய்ச்சல் பல நேரம் தோல்வியில் முடியும். அதுவும் பார்க்க வேண்டியதே.

வண்டிக்குள் நடந்துகொள்ளும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கைபேசியை ஊமையாக்குங்கள், பிளாஷ் போடாதீர்கள், திறந்த வண்டியில் திடீரென எழுந்து நிற்காதீர்கள், எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். யானை காதுகளை அகல விரித்துத் தலையை உலுக்கினால், படம் எடுப்பதை விட்டுப் பின்வாங்கச் சொல்ல வேண்டும். கோயில் யானையோடு பழகிய நமக்கு அந்த விலகல் சற்றுக் கடினமாகத்தான் வரும்.

வில்டபீஸ்ட் ஆறு கடக்கும்போது கரையை வண்டிகள் அடைத்துக்கொண்டால் மந்தை மிரண்டு திரும்பிவிடக்கூடும். ஆகவே தொலைவில் நின்று, கரையோரத்தில் அவை கூடிக் கலைந்து மீண்டும் கூடுவதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். மதிய உணவுக்கு விடுதிக்குத் திரும்பாமல் கட்டுச்சோற்றோடு ஒரு நீர்நிலையருகே வண்டியை நிறுத்துவதும் நல்ல பலன் தரும். இவற்றையெல்லாம் முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், எல்லாப் பயணிகளையும் போல நீங்களும் அந்த ஐந்தைத்தான் கேட்கிறீர்கள் என்று எண்ணி, ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வண்டி வானொலியில் சிங்கம் என்ற செய்தி வந்த பக்கமெல்லாம் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டே இருப்பார்.