சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்: குட்டி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாய்களைப் பெயர் சொல்லிப் பேசிய பிறகு குட்டிகளுக்கு நல்ல கிராக்கி. ஆசையாக வாங்கிப் போகிறவர்களில் பலர், ஒரு வருஷம் கழித்து "கூப்பிட்டா வர்றதில்ல, கோழியைப் பிடிக்குது" என்று வேறு யார் தலையிலாவது கட்டிவிடுகிறார்கள். நாயின் மேல் தப்பு இருப்பது அபூர்வம். அந்த முதல் வருஷத்து அவசரம்தான் அதைக் கெடுக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முயல் விரட்டவே வளர்த்த இனங்கள் இவற்றில் உண்டு என்பது உண்மை. ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். திருவிழாவை ஒட்டிய பாரி வேட்டை என்றாலும் வனத்துறை வழக்குப் போடும். பழக்குகிறேன் என்று உயிருள்ள முயலைக் கட்டிவைத்துக் குட்டியை ஏவிவிடுவது இன்னும் மோசம். அந்த முயல் படுகிற கொடுமை ஒரு பக்கம், நாளைக்கு அந்த நாய் பக்கத்துக் கொட்டில் ஆட்டுக்குட்டியையும் அப்படித்தான் பார்க்கும். தோட்டக் காவலுக்கும் திறந்த வெளியில் ஓட விடுவதற்கும் இந்த நாய்களை வளர்ப்பதே முறை.

குட்டி எடுக்கும்போது நிறத்தில் மயங்குகிறவர்கள் அதிகம். செவலையா மயிலையா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், தாய் நாயைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். தாய் ஆளைக் கண்டு பதுங்கினாலோ, காரணமில்லாமல் பாய்ந்தாலோ அந்த ஈற்றை விட்டுவிடுவது நல்லது. ராஜபாளையத்தில் காதை அவசியம் பார்க்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வர வாய்ப்புண்டு, நீலக் கண் குட்டியென்றால் கூடுதல் கவனம் தேவை. கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் தெரியாது. மற்ற குட்டிகள் திரும்பினால் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். தனியாகப் பிரித்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தரையைத் தட்டினால் அதிர்வு காலில் தெரியும், பக்கத்தில் கை தட்டினால் காற்றுப்படும், இரண்டும் ஏமாற்றிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையிலும் தப்பிவிடலாம்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. முப்பது நாள் குட்டியைத் தூக்கிக் கொடுக்கிறார் என்றால் அவரிடம் வாங்காதீர்கள். கடியை அளவோடு நிறுத்தத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்கிற நாட்கள் அவை.

பார்க்கவே வயிற்றெரிச்சலான ஒன்று, ஆறு மாதக் குட்டியைப் பைக்கில் கட்டித் தார்ச்சாலையில் ஓட்டுவது. எலும்பின் வளர்ச்சி முனைகள் அப்போது மூடியிருக்காது. உள்ளங்கால் கொப்பளிப்பது கண்ணுக்குத் தெரியும், மூட்டுக்கு வந்த கேடு பிறகுதான் தெரியும். ஒரு வயது தாண்டும்வரை மண் தரையில் அதன் இஷ்டத்துக்கு ஓடட்டும், களைத்தால் தானே படுத்துக்கொள்ளும்.

உண்மையில் இவற்றுக்கு ஓடப் பழக்கவே தேவையில்லை. திரும்பி வரத்தான் பழக்க வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. இவை கண்ணால் விரட்டும் நாய்கள். அசையும் ஒன்றைப் பார்த்துவிட்டால் உங்கள் குரல் காதில் ஏறாது. அதனால் விரட்டும் புத்தி முழுதாக வருமுன், இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே தொடங்க வேண்டும். வேலியிட்ட தோப்பில் பத்துப் பதினைந்து மீட்டர் கயிற்றோடு விட்டு, ஒரே தடவை கூப்பிடுங்கள். வந்ததும் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு கொடுத்து மறுபடி ஓட விடுங்கள். வந்தவுடன் ஒவ்வொரு முறையும் சங்கிலியில் மாட்டினால், வருவது என்றால் ஆட்டம் முடிந்தது என்று அதற்குப் புரிந்துவிடும். தாமதமாக வந்த நாயை அடிப்பது இதைவிடக் கெட்டது. அது பிந்தியதற்காக அடி வாங்கியதாக நினைக்காது, வந்ததற்காக வாங்கியதாகத்தான் நினைக்கும். குட்டியிலிருந்தே நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் காவல் நன்றாக இருக்கும் என்பதும் தவறு. ஆள் பழகாத நாய் பயத்தில் கடிக்கும்.

கழுத்துப் பட்டையைக் கவனியுங்கள். தலை ஒடுங்கி, கழுத்து நீண்ட நாய்களுக்குச் சாதாரணப் பட்டை பின்னால் இழுத்த இழுப்பில் கழன்றுவிடும். அகலமான, இழுத்தால் அளவாக இறுகும் பட்டைதான் சரி.

விலா எலும்பு தெரிகிறதே என்று சோறும் பாலுமாக ஊட்டாதீர்கள். கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது இந்த உடல்வாகுக்கு இயல்பு. தின்ற கையோடு ஓட விடவும் கூடாது, ஆழ நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது இனத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கொழுப்புக் குறைந்த கிரேஹவுண்ட் நாய்களுக்குத் தயோபென்டால் போன்ற மயக்க மருந்து தெளிய வெகு நேரமாகும். நம் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் அதே ஒல்லி உடம்புதான், மருந்தையும் அளவையும் அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.