விண்டோஸ்.ஓல்டு: அழிக்கும் முன்

விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டர் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப உதவுவது இதுதான். வழக்கமாக 10 நாளில் தானே அழிந்துவிடும். அவசரமென்றால், முதலில் அதனுள் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து, விடுபட்ட படங்கள், கோப்புகள் இருந்தால் நகலெடுங்கள். கையால் டெலிட் செய்தால் ‘அனுமதி இல்லை’ என்று அடம்பிடிக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், முந்தைய விண்டோஸ் நிறுவலை டிக் செய்து நீக்குங்கள். நீக்கிய பிறகு ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரும் இருக்கும். அது தற்காலிகக் குப்பையல்ல, நீங்கள் இறக்கி வைத்தவை; டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். நிரல்கள் தற்காலிகக் கோப்புகளைப் போட்டுவைக்கும் ‘டெம்ப்’ ஃபோல்டரைக் காலிசெய்யும் முன் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று வரும் கோப்புகளை ‘ஸ்கிப்’ கொடுத்துத் தாண்டலாம்.