ஜனவரிக் கடைசியில் ஷ்ரைன் போல்: டாலஸ் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ, இர்விங் பக்கம் குடியேறி முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு, கார், சோஷியல் செக்யூரிட்டி எண், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒருவழியாக முடிந்திருக்கும். பொங்கலும் கழிந்திருக்கும். அந்தச் சமயத்தில் அலுவலகத்தில் யாராவது "ஷ்ரைன் போல் பார்க்கப் போகிறீர்களா?" என்று கேட்கலாம். போய் வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆட்டத்துக்காக மட்டும் அல்ல, அதன் பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரிகளைப் பற்றி நம் வீடுகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவும்.

ஈஸ்ட் வெஸ்ட் ஷ்ரைன் போல் என்பது கல்லூரிப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல) வீரர்களைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடும் ஆட்டம். முதல் ஆட்டம் 1925 டிசம்பர் 26 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. பல ஊர்கள் சுற்றி 2024-இல் ஃப்ரிஸ்கோவின் ஃபோர்டு சென்டருக்கு வந்தது. 2025-இல் ஆர்லிங்டனில் உள்ள ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில் நடந்தது. நாளும் இடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். டிக்கெட் வாங்கும் முன் அவர்களுடைய தளத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆட்டம் புரியாதே என்று தயங்க வேண்டாம். கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆளைப் பிடித்து அமுக்குவது புதிதா என்ன? பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சி கிடைக்கும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று. டச்டவுன் கிடைக்காது என்று தோன்றினால் தூரத்தில் இருந்தே உதைப்பார்கள், அதற்கு மூன்று. இவ்வளவு தெரிந்தால் போதும். கடிகாரத்தில் ஆட்டம் ஒரு மணி நேரம்தான், ஆனால் நின்று நின்று நடப்பதால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். பிள்ளைகளை வீட்டிலேயே சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். பை கொண்டு போவதாக இருந்தால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும். பெரிய கைப்பைகளை இந்த மாதிரி அரங்குகளில் அனுமதிப்பதில்லை. தேசியகீதம் பாடும்போது தொப்பியைக் கழற்றி எழுந்து நில்லுங்கள். ஃபோர்டு சென்டர், ஏடி அண்ட் டி ஸ்டேடியம் இரண்டும் மேற்கூரை உள்ள அரங்குகள், அதனால் குளிருக்குப் பயப்பட வேண்டியதில்லை. சாலையில் பனி உறைந்திருக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீரர்களின் தலைக்கவசங்களைக் கவனியுங்கள். சட்டை அணிக்கு ஒரே நிறமாக இருக்கும், தலைக்கவசம் மட்டும் அவரவர் கல்லூரியுடையது. அந்த வாரப் பயிற்சியை என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீக் அணிகளின் ஆட்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். 2000-இல் இங்கே ஆடிய டாம் பிரேடியை, அந்த அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் 199-ஆவதாகத்தான் எடுத்தார்கள். 2022-இல் ஆடிய பிராக் பர்டி 262-ஆவது, அதாவது அந்த ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆள். பிரேடி பிறகு ஏழு சூப்பர் போல், அதாவது என்.எஃப்.எல். இறுதி ஆட்டங்கள், வென்றார். பர்டி தன் அணியைச் சூப்பர் போல் வரை கொண்டுபோனார். இன்று பெயர் தெரியாத பையனாக நம் கண் முன்னால் ஓடுகிறவர் நாளைக்கு யாராக வருவாரோ! என் மகன் டிக்கெட்டின் பின்புறம் ஐந்து பெயர் எழுதி வைத்திருக்கிறான்.

அரங்கில் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி போட்ட பெரியவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள்தான் ஷ்ரைனர்கள், 1872-இல் நியூயார்க்கில் தொடங்கிய சகோதர அமைப்பைச் சேர்ந்தவர்கள். போலியோ பிள்ளைகளை முடக்கிக்கொண்டிருந்த காலத்தில், 1922-இல், லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் தங்கள் முதல் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். மூன்றாண்டு கழித்து வந்த இந்த ஆட்டம் அந்த ஆஸ்பத்திரிகளுக்காகவே நடக்கிறது. வலுவான கால்கள் ஓடுவது, வலுவில்லாத கால்கள் நடப்பதற்காக என்பது அவர்கள் காலங்காலமாகச் சொல்லி வரும் வாசகம். ஆட்ட வாரத்தில் வீரர்கள் சிகிச்சை பெறும் பிள்ளைகளைச் சந்திப்பதும் வழக்கம்.

பணம் கொடுக்க விரும்பினால் இரண்டு விஷயம். டிக்கெட் விலை முழுவதும் நன்கொடையாகக் கணக்கில் வராது; ஆட்டம் பார்ப்பதன் மதிப்பைக் கழித்து மிஞ்சுவதற்குத்தான் வரிச்சலுகை கேட்க முடியும். தனியாகக் கொடுப்பதாக இருந்தால், நிறுவனம் 501(சி)(3), அதாவது வரிச்சலுகை உள்ள தொண்டு நிறுவனம், என்ற பதிவு உள்ளதா என்று ஐ.ஆர்.எஸ். என்கிற வருமான வரித் துறையின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் கம்பெனியில் மேட்சிங் உண்டா என்றும் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் அதே தொகையைத் தானும் கொடுக்கும் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வந்த புதிதில் இன்சூரன்ஸ் பயம் நம்மைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பிள்ளை கொஞ்சம் சாய்ந்து நடக்கிறது, முதுகு ஒரு பக்கம் வளைந்தது போலத் தெரிகிறது, பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. "பில் எவ்வளவு வருமோ, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எலும்பு வளரும் வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஷ்ரைனர்ஸ் ஆஸ்பத்திரிகள் குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை வைத்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. எலும்பு, முதுகுத்தண்டு, தீக்காயம், உதட்டுப் பிளவு ஆகியவை அவர்கள் பார்க்கும் முக்கியமான பிரச்சினைகள். நம் பக்கத்திலிருந்து ஷ்ரீவ்போர்ட் காரில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். தீக்காய சிகிச்சைக்குப் பேர் பெற்றது டெக்சாஸின் கால்வெஸ்டனில் இருக்கும் அவர்களுடைய ஆஸ்பத்திரி, அது இன்னும் தூரம்.

முதலில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஊரில் எடுத்த எக்ஸ்ரே, பழைய மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக் கொண்டுபோங்கள். ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தால், இன்று இரவே வீட்டுக்குப் போன் பண்ணி, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.