வெளிநாட்டு மொழி கற்கலாமா வேண்டாமா: முடிவெடுக்க ஒரு வழி

எந்த மொழியைக் கற்கலாம் என்று தேடினால், பேசுவோர் எண்ணிக்கையை வைத்துப் போட்ட பட்டியல்கள்தான் முதலில் வரும். சீன மொழியான மாண்டரினை நூறு கோடிக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள். சரி, அதில் நீங்கள் யாரோடு பேசப்போகிறீர்கள்? இதற்குப் பதில் தெரியாமல் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. எனக்கு ஜெர்மனா ஜப்பானியமா என்று வெகுநாள் இழுபறி இருந்தது. அதைத் தீர்த்துக்கொண்ட முறையை எழுதுகிறேன். எப்படிக் கற்பது என்பது இதில் வராது, தொடங்குவதா வேண்டாமா என்பது மட்டும்தான்.

படி 1: ஒரு வரி எழுதுங்கள்

அந்த மொழியை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரே ஒரு வரி. "எதிர்காலத்துக்கு உதவும்", "மூளைக்கு நல்லது" எல்லாம் வேண்டாம். "மருமகளின் பெற்றோரோடு நேரடியாகப் பேச வேண்டும்", "மங்காவை (ஜப்பானியப் படக்கதை) மூலத்திலேயே படிக்க வேண்டும்", "அந்த நாட்டு மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும்" என்று செய்யும் காரியம் தெரிகிற மாதிரி இருக்கட்டும். மொழி பிடித்திருக்கிறது என்பதும் நல்ல காரணம்தான். ஆனால் பிடித்தது அதன் பாட்டா, படமா, எழுத்தா என்று பிரித்துப் பாருங்கள். வரி வரவே இல்லையென்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 2: அதற்கு எந்த நிலை போதும்?

ஐரோப்பிய மொழிகளுக்கு தொடக்க நிலையான ஏ1 முதல் முழுத் தேர்ச்சியான சி2 வரை ஆறு நிலைகள், ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட வரையறை அது. ஜெர்மனியில் இருக்கும் கணவன் அல்லது மனைவியோடு சேர்ந்து வாழ விசா வாங்குபவருக்குப் பொதுவாக ஏ1 போதும். அங்கே செவிலியராகப் பதிவு செய்ய பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். ஒரே மொழி, ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே பல நூறு மணி நேர உழைப்பு இருக்கிறது. யாரோ சொன்னதை நம்பாமல் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் நீங்களே பாருங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: ஜப்பானியத்துக்கான ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. உங்கள் வரியில் "பேச வேண்டும்" என்று இருந்தால் அந்தச் சான்றிதழை இலக்காக வைக்காதீர்கள்.

படி 3: மணிக்கணக்கு

நான் அதிக நாள் சிக்கி நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி கற்றுத்தர ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிடியூட் என்ற பயிற்சி நிலையத்தை நடத்துகிறது. அதன் கணக்கில் ஸ்பானிஷ், இத்தாலியன் வகைக்கு 600 முதல் 750 வகுப்பு மணி, ஜெர்மனுக்கு 900 வாக்கில், ரஷ்யனுக்கு 1,100, ஜப்பானியம், கொரியன், மாண்டரின், அரபு நான்குக்கும் 2,200. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 2,200 மணி என்பது ஆறு வருஷம். இதைப் பார்த்தவுடன் ஆசையை மூட்டைகட்டி வைத்துவிடுகிறவர்கள் நிறைய பேர்.

அவசரப்பட வேண்டாம். இது அலுவல் நடத்தும் அளவுக்குச் சரளம் வருவதற்கான கணக்கு, உங்கள் வரிக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாமல் இருக்கலாம். அதே சமயம் இது வகுப்பு நேரம் மட்டும், வீட்டில் படிப்பது தனி. எல்லாவற்றையும்விட முக்கியம், இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வைத்துப் போட்டது. அதே பட்டியலில் 1,100 மணி வரிசையில் நம் தமிழும் இருக்கிறது! அந்த மணிகளை நாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கே உதவும் என்று பார்க்க வேண்டும்.

"வாதாஷி வா மிசு ஓ நோமிமாஸ்" என்றால் "நான் தண்ணீரைக் குடிக்கிறேன்". மிசு தண்ணீர், அதன் பின்னால் நிற்கும் ஓ நம்முடைய "ஐ", கடைசியில் வினை. "நேற்று வாங்கிய புத்தகம்" என்று பெயரெச்சம் போட்டு நாம் சொல்வதுபோலவே அங்கும் வினை பெயருக்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பழக வேண்டும், நமக்கு அந்த வேலை இல்லை. ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) இருக்கின்றன, அங்கே தமிழ் துளியும் கைகொடுக்காது. ஆகவே உங்கள் வரி பேசுவதைப் பற்றியது என்றால் 2,200-ஐத் தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், படிப்பதைப் பற்றியது என்றால் பெரிதாகக் குறைக்காதீர்கள். கொரியனுக்கும் நம் வாக்கிய வரிசைதான். அதோடு அதன் எழுத்துமுறையான ஹங்குலின் அடிப்படை எழுத்துகள் வெறும் 24, சில நாளில் கூட்டிப் படிக்க வந்துவிடும். பட்டியல் பயமுறுத்தும் அளவுக்கு அது நமக்குத் தூரமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஜெர்மனில் உங்கள் ஆங்கிலம் சொற்களுக்கு உதவும். ஆனால் மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்று ஒவ்வொரு பெயரோடும் பாலைச் சேர்த்தே மனப்பாடம் செய்தாக வேண்டும்.

படி 4: இருபது மணி நேரச் சோதனை

மூன்று வாரம், நாளுக்கு ஒரு மணி. ஒலிப்பதிவோடு வரும் ஒரே ஒரு இலக்கணப் பாடநூல், சொற்களை நினைவில் வைக்க ஆன்கி என்ற அட்டைச் செயலி, இவை போதும். தினமும் திறந்தால் புள்ளி தரும் விளையாட்டுச் செயலிகளை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள், திரையில் காட்டும் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதும் வெறும் மனத்திலிருந்து சொல்லை எடுப்பதும் ஒன்றல்ல. கடைசி வாரத்தில் பாதி நேரத்தை உங்கள் வரிக்கே கொடுங்கள். மங்கா என்றால் மங்காவில் ஒரு பக்கம், பேச்சு என்றால் அந்த மொழிக்காரர் ஒருவரோடு அரை மணி நேரம்.

எவ்வளவு ஏறியது என்று அளக்க வேண்டாம், யாருக்கும் மூன்று வாரத்தில் பெரிதாக ஏறாது. களைத்துப்போன நாளில் புத்தகத்தைத் திறந்தீர்களா, மணி முடிந்த பிறகும் கை அதன் பக்கம் போனதா என்று பாருங்கள். எனக்கு ஜெர்மன் பாடம் நன்றாகவே புரிந்தது, ஆனால் மணி முடிந்ததும் மூடிவிடுவேன். ஜப்பானியத்தில், ஏதோ சமையல் காணொளியில் ஓடிய எழுத்துகளை நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தேன். அதோடு தெரிந்துவிட்டது.

படி 5: எதை விடப்போகிறீர்கள்?

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்தோ வர வேண்டும். உறக்கத்திலிருந்து எடுத்தால் நிலைக்காது, எதை நிறுத்துவது என்று இப்போதே எழுதிவிடுங்கள். கற்றபின் பராமரிப்பும் உண்டு. கொரியனுக்கான டோபிக் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், பிரெஞ்சின் டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, ஆனால் மொழி மறப்பது இரண்டிலும் நடக்கும். உங்கள் வரி அறிவிப்புப் பலகை படிப்பதோ ஒரு கடிதத்தைப் புரிந்துகொள்வதோதான் என்றால் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியே அதைச் செய்துவிடும், ஆறு வருஷத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். மருமகளின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது என்றால் அது ஒத்துவராது, கற்றுத்தான் ஆக வேண்டும்.

பின்சேர்க்கை: அரபு பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். அதில் படி 1-ஐ இன்னும் நுணுக்கமாக எழுத வேண்டும், ஏனென்றால் செய்தியிலும் புத்தகத்திலும் வருவது ஒரு அரபு, எகிப்திலோ மொராக்கோவிலோ வீட்டில் பேசுவது வேறு. நம் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இருப்பதைவிடப் பெரிய இடைவெளி. எந்த ஊர்க்காரரோடு பேசப்போகிறீர்கள் என்று தெரிந்தபின் ஆசிரியரைத் தேடுங்கள்.

பள்ளியில் பாதியில் விட்ட பிரெஞ்சை என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். புது மொழிக்குப் போகும் முன் இருபது மணி நேரச் சோதனையை அதில் செய்யுங்கள். மறந்ததைத் திரும்பக் கற்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார். பழைய பாடநூலின் நடுவிலிருந்து தொடங்காமல் முதல் பாடத்திலிருந்தே வேகமாகப் புரட்டிக்கொண்டு வாருங்கள், எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கிருந்து மணியை எண்ணத் தொடங்கலாம்.