ரிப்பீட்டருக்குக் கோஆக்ஸ்: டிபியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கணக்குக்கு ஒரு 145 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டரை, அதாவது கேட்ட சிக்னலை அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் திரும்ப அனுப்பும் நிலையத்தை, எடுத்துக்கொள்வோம். 25 வாட், டவரில் 30 மீட்டர் ஏற்றம். கேபிள் 50 ஓம். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 75 ஓம், அது ஆகாது.

முதலில் இழப்பு. 30 மீட்டரில் ஆர்ஜி-213 கேபிள் சுமார் 2.7 டிபி (டெசிபல்) தின்னும். எல்எம்ஆர்-400 என்றால் 1.5, அரை அங்குல ஹீலியாக்ஸ் என்றால் 0.8. மேலே போய்ச் சேர்வது முறையே 13, 18, 21 வாட். அனுப்புவதையும் கேட்பதையும் பிரிக்கும் ஃபில்டர் பெட்டியான டூப்ளெக்சரின் இழப்பு தனி.

இதைப் பார்த்ததும் விலைக்கு எல்எம்ஆர்-400 போதுமே என்று தோன்றும். வீட்டு ஸ்டேஷனுக்குப் போதும்தான். ரிப்பீட்டரில் வேண்டாம். இங்கே அனுப்புவதும் கேட்பதும் ஒரே கேபிளில், ஒரே நேரத்தில், வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நடக்கின்றன. எல்எம்ஆரின் வெளிக்கடத்தி அலுமினியத் தாள், அதன்மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல். காற்றில் ஆடி இரண்டும் உரசினாலோ, ஈரம் இறங்கிக் கறுத்தாலோ, தொடும் இடமெல்லாம் இரைச்சல் பிறக்கும். அது டூப்ளெக்சரைத் தாண்டி, கேட்கும் அலைவரிசையிலேயே பிறப்பதால் எந்த ஃபில்டரும் தடுக்காது. ஆன்டெனா பொருத்தத்தைச் சொல்லும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.2 என்று சமர்த்தாகக் காட்டும். டிரான்ஸ்மிட்டர் எழுந்ததும் தூரத்து ஸ்டேஷன் கரகரத்து மூழ்கும். புதுக் கேபிளில் இது தெரியாது, மாதங்கள் கழித்தே தலைகாட்டும்.

சந்தேகம் வந்தால் டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உறிஞ்சும் சுமை) மாட்டி, கப்ளர் (சிக்னலைச் சிறிதளவே உள்ளே விடும் கருவி) வழியாக மெல்லிய சிக்னல் கொடுத்துப் பாருங்கள். கரகரப்பு போய்விட்டால் கோளாறு அதற்கு மேலே: கேபிள், கனெக்டர், ஆன்டெனா, சில சமயம் டவரின் துருப்பிடித்த போல்ட்.

ஆகவே ஹீலியாக்ஸ். நெளிவு போட்ட முழுச் செம்புக் குழாய், உரச எதுவும் இல்லை. ரேக்குக்குள் ஜம்பருக்கு (சிறு இணைப்புக் கேபிளுக்கு) ஆர்ஜி-400 அல்லது ஆர்ஜி-214. இரண்டிலும் வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல். கனெக்டர் என்-டைப். நிக்கல் பூச்சும் அடாப்டரும் வேண்டாம்.

ஹீலியாக்ஸை அறுக்கும்போது முனையைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். செம்புத் தூள் ஃபோமில் ஒட்டினால் ஷார்ட்டுக்கு அதுவே வழி, பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நடுக்கம்பி செம்பு போர்த்திய அலுமினியம், கத்தி கீறினால் செம்பு உரியும். திரும்பத் திரும்ப வளைக்கும் கேபிள் என்றால் ஆரம் 125 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

மூட்டுகளுக்கு வினைல் டேப், மேலே பியூட்டைல் ரப்பர், அதன்மேல் மறுபடி வினைல். கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலே ஓட்டுங்கள், கூரை ஓடு போல நீர் வழிந்துவிடும்.

ஏற்றும் முன்பு மறுமுனையைத் திறந்து வைத்து, நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுக் கருவியில் ரிட்டர்ன் லாஸ் (சிக்னல் போய்த் திரும்புவதற்குள் எவ்வளவு குறைகிறது) பாருங்கள். அதில் பாதிதான் கேபிள் இழப்பு, இங்கே ரிட்டர்ன் லாஸ் 1.6 வந்தால் சரி. கேபிளிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். மழைக்காலம் முடிந்து ஆன்டெனாவைக் கழற்றி அளக்கும்போது 2.5 என்றால், உள்ளே தண்ணீர்.